இழுவைக்கலம் ஹோகா

கப்பல் என்ற மாத்திரத்தே நம்மனோர்க்கு நினைவில் எழுவன இரண்டே. ஒன்று கரைகாணாக் கடலிற் பாய்விரித்துச் செல்லும் மரக்கலம். மற்றொன்று பீரங்கிகளை நிரைநிரையாகத் தாங்கி நிற்கும் போர்க்கப்பல். முன்னதைப் புலவர் பாடினர். பின்னதை வரலாற்றாசிரியர் எழுதினர். இவ்விரண்டும் துறைக்குள் நுழையும்போதும் துறையை விட்டு நீங்கும்போதும் இவற்றின் விலாப்புறத்தே ஒட்டிக்கொண்டு, நுரை எழுப்பி, தள்ளியும் இழுத்தும் உழலும் சிறு கலம் ஒன்று உண்டு. அதனைப் பாடினாரும் அரியர், எழுதினாரும் அரியர். அத்தகைய சிறு கலங்களுள் ஒன்றன் தொழில் வரலாற்றைச் சொல்லி, அவ்வரலாற்றை உலகம் நினைவுகூரும் முறை முற்றும் செம்மையானதன்று என்னும் என் கருத்தையும் வெளியிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

ஆங்கிலத்தில் டக் எனப்படும் இக்கலத்தை இழுவைப் படகு என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. படகு என்னும் சொல் இதன் ஆற்றலைக் குறைத்துக் காட்டும் என்று கருதி யான் இழுவைக்கலம் என வழங்குகின்றேன். இழுவை என்பதுங்கூட அரை உண்மையே. இழுப்பதற்கு ஈடாக இது தள்ளவும் செய்கின்றது. தள்ளுகலம் என்றாலோ வகுப்பு நண்பர்கள் நகைக்கின்றார்கள். ஆதலின் அது நிற்க.

இக்கலத்தின் தேவை யாது? பெருங்கப்பலைத் திருப்புவது அதன் பின்னுள்ள சுக்கான். சுக்கான் பயன்பட வேண்டுமாயின் அதன் முகத்தில் நீர் விரைந்து மோத வேண்டும். நடுக்கடலில் கப்பல் விரைந்து செல்லுதலின் அது எளிது. துறைக்குள்ளேயோ கப்பல் ஊர்ந்தே வரவேண்டும். விரைந்தால் கரையில் மோதும், ஊர்ந்தால் சுக்கானுக்குக் கட்டுப்படாது. இந்த இக்கட்டில் காற்று ஒருபுறமும் நீரோட்டம் ஒருபுறமும் அலைக்க, முப்பதினாயிரம் டன் எடையுள்ள இரும்பு மலை செய்வதறியாது மிதக்கின்றது. அதன் மூக்கை இப்புறமும் வாலை அப்புறமும் தள்ளி வைக்க ஒருவர் வேண்டும். அதற்கென்றே அமைந்தது இழுவைக்கலம். அதன் உடல் குறுகியது. ஆனால் நீருள் ஆழ்ந்து இறங்குவது. நீரைத் தள்ளும் விசிறியோ அவ்வுடலுக்குப் பொருந்தாத அளவு பெரியது. அணியத்தில் பழங்கயிறுகளைப் பின்னி முறுக்கித் தாடிபோலத் தொங்கவிட்டிருப்பர்; பெருங்கப்பலின் மேனியில் கீறல் விழாதவாறு முகம் வைத்துத் தள்ளுவதற்கு அத்தாடி உதவும். ஆலாத்துக் கயிற்றைப் பூட்டும் கொக்கி பின்கோடியில் இராமல் நடுவுடலை அடுத்தே இருக்கும். கயிறு பூட்டிய நிலையிலும் கலம் தன் பின்புறத்தை வீசித் திரும்ப வேண்டுமன்றோ? ஆயின் அவ்வமைப்பிலேயே இடரும் உள்ளது. இழுக்கப்படும் கப்பல் எதிர்பாராது முன்னோக்கிப் பாய்ந்தால், கயிறு பக்கவாட்டில் இறுகிச் சிறு கலத்தைக் கண நேரத்தில் கவிழ்த்துவிடும். இங்ஙனம் கவிழ்ந்த கலங்கள் பல. அவற்றோடு ஆழ்ந்த மாலுமிகளும் பலர். போரில்லாத நாளிலும் இத்தொழில் அச்சமற்ற தொழிலன்று என்பதை வாசிப்போர் மனத்திற்கொள்க. பின்னர் இது வேண்டப்படும்.

தொழில் பழமையானது. கி.பி. முதல் நூற்றாண்டினதாகக் கருதப்படும் பெரிப்ளூஸ் என்னும் கிரேக்க நூல், பாரிகாசா எனப்பட்ட பரூச் துறையில் அரசன் பணியிலிருந்த மீனவர் படகேறி எதிர்சென்று, அயல்நாட்டுக் கலங்களை மேடு பள்ளம் அறிந்து நடத்தியும் துடுப்பு வலித்து இழுத்தும் கரை சேர்த்த செய்தியைக் கூறுகின்றது. நீராவியால் இழுக்கும் கலமோ ஸ்காத்லாந்தில் வில்லியம் சைமிங்டன் அமைத்த சார்லட் டண்டாஸ் முதலாகப் பேசப்படுகின்றது. 1803-ஆம் ஆண்டில் எழுபது டன் தோணிகள் இரண்டை அது ஒரு கால்வாயில் இழுத்துச் சென்று தன் திறமையைக் காட்டிற்று. அது எழுப்பும் அலையால் கரை இடியும் என்று அஞ்சிய கால்வாய்க்காரர் அதனைக் கைவிட்டனர். முதற்கலத்திற்குக் கிடைத்த நன்றி அவ்வளவே.

ஓவியரும் இக்கலத்திற்கு அருள் காட்டினாரல்லர். ஆங்கில ஓவியர் டர்னர் 1839-இல் காட்சிக்கு வைத்த படம் ஒன்று இலண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள்ளது. 1805-இல் திரபால்கர்ப் போரிற் பொருத டெமரேர் என்னும் பழைய போர்க்கப்பல், 1838-இல் உடைக்கப்படுவதற்காக இழுத்துச் செல்லப்படுவதே அப்படத்தின் பொருள். போர்க்கப்பல் வெளிறிய நிறத்தில் தேவதைபோல் நிற்க, அதனை இழுக்கும் நீராவிக் கலம் கருமையாய், கனலும் புகையும் கக்கி, கொலைக்களத்திற்கு அழைத்துச் செல்லும் ஏவலன்போற் காட்சி தருகின்றது. அன்று இழுத்தவை இரண்டு கலங்கள் என்பர். படத்தில் இருப்பது ஒன்றே. ஓவியத்தின் அழகை யான் மறுக்கவில்லை. ஆயினும் கப்பலை உடைக்க விற்றவர் யாரோ, வாங்கியவர் யாரோ. பழி மட்டும் கயிறு பூட்டியவன் தலையில் ஏறியது ஏன் என்று அதன் அச்சுப் பிரதியைக் காணுந்தோறும் எண்ணுவேன்.

இனி ஹோகாவின் வரலாற்றிற்கு வருவோம்.

நியூயார்க் நகரத்து மாரிஸ் ஹைட்ஸ் என்னுமிடத்தில் அமைக்கப்பட்ட அக்கலம் 1940-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் நீரில் இறக்கப்பட்டது. ஹோகா என்பது அமெரிக்கப் பழங்குடியினரான சூ மக்களின் மொழியில் மீனைக் குறிக்கும் சொல். நீளம் 100 அடி. அகலம் 25 அடி. டீசல் எஞ்சின்கள் மின்சாரத்தை எழுப்ப, அம்மின்சாரமே விசிறியைச் சுழற்றும் அமைப்புடையது. ஆதலின் முன்னோக்கிச் செல்வதும் பின்வாங்குவதும் அதற்கு எளிது. தீயணைக்கும் நீர்க்குழல்களும் அதில் இருந்தன. கப்பற்படையின் பதிவேட்டில் அதற்குத் தரப்பட்ட இனப்பெயர் தளத்து இழுவைக்கலம் என்பதே, போர்க்கலம் என்பதன்று. 1941 மே 22-ஆம் நாள் பணியேற்றுப் பனாமாக் கால்வாய் வழியாக ஹவாய்த் தீவுகளிலுள்ள பேர்ள் துறைமுகத்தை அடைந்தது.

பேர்ள் துறைமுகம் குறுகிய வாயிலையும் உள்ளே கிளைத்து விரிந்த நீர்ப்பரப்பையும் உடையது. அதன் நடுவே போர்டு தீவு. அத்தீவின் தென்கிழக்குக் கரையோரமாகப் பெரும்போர்க்கப்பல்கள் வரிசையாகக் கட்டப்படும். அவ்வரிசைக்கு எதிர்க்கரையில் கப்பற்படையின் தளம். உலர்துறைகளும் பட்டறைகளும் அங்கே. சில இடங்களில் இரண்டு கப்பல்களைப் பக்கம் பக்கமாகப் பிணைத்து வைப்பர். உட்புறத்தது வெளியேற வேண்டுமாயின் வெளிப்புறத்ததை முதலில் நீக்க வேண்டும். இந்நிலையில் ஹோகாவுக்கும் அதன் தோழமைக் கலங்களுக்கும் ஒருநாளும் வேலைக்குக் குறைவிருந்திருக்க முடியாது. கட்டிய கப்பலை அவிழ்த்து இழுத்தல், வந்த கப்பலைத் தள்ளி அணைத்தல், உலர்துறைக்குள் நேர்பிடித்துச் செலுத்துதல், தோணிகளை இடம் மாற்றுதல், எங்கேனும் தீப்பற்றினால் நீர் பீய்ச்சுதல்: வந்த நாள் தொட்டு டிசம்பர் முதல் வாரம் வரை அது செய்த தொழில் இதுவே. இம்மாதங்களைப் பற்றி எழுதுவோர் ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கின்றனர். என் வழக்கின் வேர் அவ்வொரு வரியில்தான் உள்ளது.

1941 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. காலை 7 மணி 55 நிமிடத்திற்கு ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மேற் பாய்ந்தன. இரண்டு அலைகளாக வந்த அவற்றின் தொகை 350-க்கு மேற்பட்டது. சிறிது நேரத்திற்குள் அரிஸோனா என்னும் போர்க்கப்பலின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. அக்கப்பலில் மாத்திரம் 1,177 பேர் மாண்டனர். எண்ணெய் பரந்த நீரின்மேல் தீ எரிந்தது.

ஹோகா பத்து நிமிடத்திற்குள் கட்டவிழ்த்துப் புறப்பட்டது. அதனை நடத்தியவர் ஜோ மக்மானஸ். நம் நாட்டு மாலுமிகள் செராங்கு என்று அழைக்கும் நிலையினர் அவர்; அதிகாரி வகுப்பினரல்லர். உடனிருந்தோர் ஏறத்தாழப் பதின்மர். வழியில் நீரில் தத்தளித்த இருவரைத் தூக்கிக்கொண்டு, எரியும் அரிஸோனாவின் பக்கம் சென்றனர். அரிஸோனாவோடு பிணைக்கப்பட்டிருந்தது வெஸ்டல் என்னும் பழுதுபார்க்கும் கப்பல். அதுவும் குண்டுபட்டு எரிந்துகொண்டிருந்தது. தானே விலகவியலாத நிலை. ஹோகா அதற்குக் கயிறு வீசி அப்பால் இழுத்தது. இழுக்கப்பட்ட வெஸ்டல் ஆழமற்ற இடத்தில் தரைதட்டி மூழ்காது நின்றது. செப்பனிடப்பட்டபின் தெற்குப் பசிபிக் கடலில் வேறு பல கப்பல்களுக்கு மருத்துவனாய் விளங்கிற்று.

அதன்பின் ஒகலாலா என்னும் கண்ணிவெடிக் கப்பலை ஹெலினா என்னும் கப்பலின் பக்கத்திலிருந்து பெயர்க்கும் வேலை. ஒகலாலா பக்கம் சாய்ந்து மூழ்கிக்கொண்டிருந்தது. அங்கேயே கவிழுமாயின் உள்ளிருக்கும் ஹெலினா சிறைப்படும். இழுவைக்கலங்கள் அதனைப் பின்னுக்கு நகர்த்திய பின்னரே அது கவிழ்ந்தது.

அடுத்தது நெவாடா. அவ்வரிசையிலிருந்து தானே புறப்பட்டுச் சென்ற பெரும்போர்க்கப்பல் அன்று அது ஒன்றே. நீர்மூழ்கு குண்டு ஒன்றும் வானிலிருந்து வீழ்ந்த குண்டுகள் பலவும் அதனைத் துளைத்தன. துறைமுக வாயிலிற் சென்று மூழ்கினால் வழி முழுதும் அடைபடும் என்று அஞ்சி, மருத்துவமனை முனை எனப்படும் கரையில் அதனை ஏற்றினர். ஹோகா அங்குச் சென்று அதன் அணியத்தை அணைந்து தீயின்மேல் நீர் பொழிந்தது. பின்பு பிற கலங்களோடு சேர்ந்து அப்பெருங்கப்பலைத் தள்ளி நகர்த்தி, கால்வாயின் மேல்கரையில் ஒதுக்கமான மணலிற் சேர்த்தது. ஏறக்குறைய அறுநூறு அடிக் கப்பலை நூறடிக் கலம் தள்ளும் காட்சியை எண்ணிப் பாருங்கள்.

அன்று மாலை நான்கு மணி தொடங்கிப் போர்க்கப்பல் வரிசையில் தீயணைப்பு வேலை. மேரிலாந்து, டென்னஸி, அரிஸோனா என ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தவற்றின்மேல் செவ்வாய்க்கிழமை நண்பகல் கடந்து ஒரு மணி வரை நீர் பொழிந்தது ஹோகா. இரண்டு இரவுகள். போர்க்காட்சிகளைக் காட்டும் திரைப்படங்களில் இவ்விரு இரவுகளைக் காண்பது அரிது. விமானங்கள் சென்றுவிட்டன; முழக்கம் ஓய்ந்தது; எரியும் இரும்பின் எதிரே நீர்க்குழாயைப் பிடித்து நிற்கும் மனிதரை எவ்வளவு நேரம் காட்டுவது? அதனாலேயே அவ்விரவுகள் எனக்கு அக்காலையினும் பெரியனவாகத் தோன்றுகின்றன.

1942 பிப்ரவரியில் பசிபிக் கப்பற்படைத் தலைவர் நிமிட்ஸ், ஹோகாவின் மாலுமிகளைத் தம் உயிரைப் பொருட்படுத்தாது கடமையாற்றியோர் எனப் பாராட்டினார். வெஸ்டலின் தலைவர் காஸின் யங் என்பவருக்கு நாட்டின் உயர்ந்த வீரப்பதக்கம் வழங்கப்பட்டது. வெடியினால் கடலில் எறியப்பட்டும் நீந்தி வந்து கப்பலேறி, கைவிட்டுப் புறப்பட்டோரைத் தடுத்து நிறுத்திய அவர் அதற்கு முற்றும் உரியவரே. அவருடைய கப்பலை இழுத்தோருக்குக் கிடைத்தது பாராட்டுரை ஒன்று. இதனைக் குறையாகக் கூறுகின்றேனல்லேன்; அளவை நினைவூட்டுகின்றேன்.

இப்பொழுது ஒன்று கேட்கின்றேன். அந்நாளில் ஹோகா செய்தவற்றுள் அதற்குப் புதிதாக அமைந்த வேலை எது? கயிறு வீசியது, இழுத்தது, தள்ளியது, நீர் பீய்ச்சியது. இவற்றுள் ஒன்றேனும் முந்தின வாரத்தில் அது செய்யாத வேலையன்று. பிணைந்து நிற்கும் கப்பல்களில் வெளியதை எவ்வாறு பிரிப்பது, எவ்விடத்தில் நீர் ஆழம், எங்கே மணல் மேடு, பாரமான கப்பலை எந்த இடத்தில் முகம் வைத்துத் தள்ளினால் அது திரும்பும் என்பனவெல்லாம் அம்மாலுமிகளின் கைக்குத் தெரிந்திருந்தன. சிந்திக்க நேரமில்லாத அவ்வேளையில் கைகள் தாமே வேலை செய்தன. குண்டு மட்டுமே புதிது. ஆதலின் அக்காலையை அதற்கு முந்தைய பெயரற்ற மாதங்களிலிருந்து வெட்டியெடுத்துத் தனியே பீடத்தில் வைத்தல், மரத்தை மறைத்துக் கனியை மட்டும் காட்டுவது போலாம்.

பிற்பகுதிக்கு வருவோம். போர் முடியும்வரை ஹோகா பேர்ள் துறைமுகத்திலேயே உழைத்தது. நெவாடாவை 1942-இல் மிதக்கவைத்துச் செப்பனிட்டனர். 1944 ஜூன் 6-இல் நார்மண்டிக் கரையில் பீரங்கி முழக்கியது அதே கப்பல்தான். போருக்குப்பின் அணுகுண்டுச் சோதனைக்கு இலக்காக வைக்கப்பட்டுத் தப்பி, இறுதியில் 1948 ஜூலை 31-ஆம் நாள் ஹவாய்க்கு அப்பால் தம் நாட்டார் குண்டுகளாலேயே மூழ்கடிக்கப்பட்டது. அதே 1948-இல்தான் ஹோகா கலிபோர்னியா மாநிலத்து ஓக்லண்டு நகரத்திற்கு இரவலாக அளிக்கப்பட்டது. போர்க்கப்பலின் கதை முடிந்த ஆண்டில் இழுவைக்கலத்தின் இரண்டாம் வாழ்வு தொடங்கிற்று. இவ்விரண்டையும் அருகருகே வைத்து எழுதிய ஆசிரியர் எவரையும் யான் கண்டிலேன்.

ஓக்லண்டில் அதற்குப் பெரிய நீர் இறைக்கும் எந்திரங்களும் நீர்ப்பீரங்கிகளும் பொருத்தித் தீயணைப்புக் கலமாக்கினர். பெயரும் மாறிற்று: முதலில் ஓக்லண்டுத் துறைமுகம் என்றும், பின்னர் ஓக்லண்டு நகரம் என்றும் பொருள்படும் ஆங்கிலப் பெயர்கள். சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் கப்பல்களிலும் சரக்குத் துறைகளிலும் மூண்ட தீயை அது நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அணைத்தது. அந்நாற்பது ஆண்டுகளில் போரில்லை, பதக்கமில்லை. ஒரு துறை எரியாமற் காக்கப்பட்டால் மறுநாள் அத்துறை முன்போலவே இருக்கும், காண்பதற்கு ஒன்றுமிராது. காக்கும் தொழிலின் இயல்பு அது. அழிவு தழும்பை விட்டுச் செல்லும். காப்பு எதனையும் விட்டுச் செல்வதில்லை.

1989-இல் அமெரிக்க அரசு அதனைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. காரணம் டிசம்பர் 7. அவ்வறிவிப்பு வெளியான நாளில் அக்கலம் ஓக்லண்டில் இன்னும் தீயணைப்புப் பணியிலேயே இருந்தது என்பது சுவையான செய்தி. 1990-களில் பணி நீங்கிக் கப்பற்படையிடம் திரும்பி, சூசன் விரிகுடாவில் கைவிடப்பட்ட கப்பல்களோடு நெடுங்காலம் துருவேறிக் கிடந்தது. 2005-இல் அதனை ஆர்க்கன்ஸாஸ் மாநிலத்து நார்த் லிட்டில் ராக் நகரிலுள்ள உள்நாட்டு நீர்வழிக் காட்சிசாலைக்கு அளித்தனர். அளித்தபின் போய்ச் சேரப் பத்து ஆண்டுகள் ஆயின. 2015 நவம்பர் 23-ஆம் நாளே அது ஆர்க்கன்ஸாஸ் ஆற்றை அடைந்தது. அங்கே அதற்குத் துணையாக நிற்பது ரேஸர்பேக் என்னும் நீர்மூழ்கிக் கப்பல். 1945 செப்டம்பர் 2-இல் ஜப்பான் சரணடைந்தபோது டோக்கியோ விரிகுடாவில் இருந்தது அது. அமெரிக்கருக்குப் போர் தொடங்கிய நாளைக் கண்ட கலமும், முடிந்த நாளைக் கண்ட கலமும் ஓரிடத்தில் உள்ளன என்று அந்நகரத்தார் பெருமை கொள்கின்றனர். பெருமை தகும்.

இதனை மறுப்போர் கூறுவதையும் யான் அறிவேன். என் நண்பர் ஒருவர், தமிழிலக்கியத்தில் என்னினும் ஆழ்ந்தவர், இக்கட்டுரையின் முதற்படியைப் படித்துவிட்டு, "டிசம்பர் 7 இல்லையேல் உன் ஹோகா எப்பொழுதோ பழைய இரும்பாய் எடைபோடப்பட்டிருக்கும். நீயும் அதன் பெயரை அறிந்திருக்க மாட்டாய். உன்னை எழுதவைத்ததே அந்நாள்தான். அதனையே குறைகூறுகின்றாயே!" என்றார். இது வலிய மறுப்பு. அன்று அதே துறைமுகத்தில் உழைத்த நொகோமிஸ் என்னும் உடன்பிறப்புக் கலம், காக்க முயன்றோர் இருந்தும், முடிவில் உடைக்கப்பட்டது. அந்நாளின் புகழுங்கூட ஒன்றைக் காத்து மற்றொன்றைக் காவாது விட்டது. அந்நாளே இல்லாத கலங்களின் கதி யாது? அவை ஆயிரக்கணக்கில் உலகத் துறைகளில் உழைத்து, உடைந்து, பெயரின்றி மறைந்தன. ஆதலின் ஒரு நாளின் ஒளியால் ஒரு கலமேனும் எஞ்சியது நன்று என்பதை ஒப்புக்கொள்கின்றேன்.

ஆனால் எஞ்சிய அவ்வொன்று எதனைச் சொல்ல எஞ்சியது என்பதே என் வினா. காட்சிசாலைக்கு வரும் சிறுவன், குண்டு விழுந்தமையால் இக்கலம் பெரிதாயிற்று என்று எண்ணித் திரும்புவானாயின் அவன் பாதியையே கற்றவனாவான். வீரம் வேண்டுவோன் குண்டை எதிர்பார்த்திருக்க வேண்டும் என்றன்றோ அவன் உள்ளம் கொள்ளும்? கயிறு பூட்டிய ஒவ்வொரு நாளும் கவிழக்கூடிய கலம் இது என்று மேலே சொன்னேன். அவ்விடரை ஏற்றுக் காலைதோறும் கப்பலை அணைத்து வைத்தவர்களிடம் அத்திறம் முன்னமே இருந்தது. டிசம்பர் 7 அதனைப் பிறர் காணச் செய்தது.

தொலைநாட்டுச் செய்தியை எழுதிவிட்டு நம் முற்றத்தைப் பாராதிருத்தல் முறையன்று. இவ்வாண்டு மலரைப் புரட்டுங்கள். பரிசு பெற்றோர் பெயர் உண்டு. பந்தயத்தில் வென்றோர் படம் உண்டு. என் பெயருங்கூட ஒரு மூலையில் உண்டு. நாள்தோறும் விடியுமுன் வாயிலைத் திறந்து, மணி அடித்து, ஆய்வுக்கூடத்துக் குழாய்களைச் சரிபார்த்து, மழைக்காலத்தில் நூலகத்தின் கீழ்த்தட்டுப் புத்தகங்களை மேல்தட்டிற்கு மாற்றுவோர் பெயர் எப்பக்கத்தில் உள்ளது? தீ விபத்தோ வெள்ளமோ வந்து, அவருள் ஒருவர் எவரையேனும் தூக்கிக் காத்தால் மறு ஆண்டு மலரில் அவர் படம் வரும் என்பதில் ஐயமில்லை. அது வரைக்கும் காத்திருப்பதா என்று இதழ்க் குழுவினரைக் கேட்கின்றேன். குழுவில் யானும் ஒருவன். ஆதலின் இக்கேள்வி எனக்குந்தான்.

ஹோகாவின் வழக்கில் யான் வேண்டுவது சிறிது. அதனருகே நிற்கும் விளக்கப் பலகைகளில் டிசம்பர் 7-க்கு எவ்வளவு இடமோ அவ்வளவு இடம் ஓக்லண்டின் நாற்பது ஆண்டுகளுக்கும், 1941-ஆம் ஆண்டின் பேசப்படாத மாதங்களுக்கும் தருதல் வேண்டும். எந்தத் துறையில் எந்தத் தீயை அணைத்தது, எத்தனை பேரை நீரிலிருந்து எடுத்தது என்பன ஒரு நகரத்துத் தீயணைப்புப் படையின் பதிவுகளிலிருந்து திரட்டி எழுதத்தக்கன. அவ்வேலையில் ஈடுபடுவோருக்குப் பதக்கம் கிடைக்காது; கலத்திற்கோ அது உரிய பதக்கமாகும்.

பெயரைப் பற்றி ஒரு சொல் கூறி முடிக்கின்றேன். இன்று எல்லாரும் அதனை ஹோகா என்றே அழைக்கின்றனர். ஹோகா என்னும் பெயரோடு அது உழைத்த ஆண்டுகள் 1941 முதல் 1948 வரை, ஏழு. ஓக்லண்டு தந்த பெயர்களோடு உழைத்தவை நாற்பதுக்கு மேல். பின்னைய பெயர்கள் நினைவிலிருந்து நழுவிவிட்டன. இவ்வளவும் எழுதிய பின்னர்த் திரும்பிப் பார்க்கின்றேன். யானும் இக்கட்டுரைக்கு அவ்வேழாண்டுப் பெயரையே தலைப்பாக இட்டிருக்கின்றேன்.